கருவியில் பூஜ்யம் வந்தால் அது சொந்தக் கட்டுரை ஆகிவிடுமா?

ஜூன் 2, 2025. பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

"அக்கா, டிகிரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தே தமிழ் சைட்டுகளுக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்திருக்கிறேன். உடல்நலம், சுற்றுலா, விவசாயம் என்று தலைப்பு தருகிறார்கள். நாலைந்து பக்கங்களைப் படித்து, சொற்களை மாற்றி எழுதி, காப்பி பிடிக்கும் கருவியில் போட்டுப் பார்க்கிறேன். 0% என்று வருகிறது. அப்படியென்றால் அது என் சொந்தக் கட்டுரைதானே? என் நண்பன் இல்லை என்று சண்டைக்கு வருகிறான்."

ஜூன் 2, இரவு

நண்பன் பக்கம்தான் நியாயம். மீதியை நாளைக்குச் சொல்கிறேன், இங்கே கரண்ட் போய்விட்டது.

ஜூன் 3

தம்பி, அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை செய்வது ஒரே வேலை. உங்கள் பத்தியைச் சில சொற்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, அதே துண்டு இணையத்தில் வேறெங்காவது கிடக்கிறதா என்று தேடும். ஆங்கிலத்தில் இது ஓரளவு எடுபடும். தமிழில் 'கிருஷ்ணகிரியிலிருந்து' என்று சேர்த்து எழுதியதை 'கிருஷ்ணகிரியில் இருந்து' என்று பிரித்துப் போட்டாலே துண்டு மாறிவிடுகிறது. ஆங்கிலப் பக்கம் ஒன்றை அப்படியே தமிழாக்கினால் பல கருவிகளுக்குக் கண்ணே தெரியாது. ஆக, 0% என்றால் 'இதே சொற்கள் இதே வரிசையில் என் கையில் சிக்கவில்லை' என்பதோடு சரி. எழுதியவர் யார் என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

நேர்மையாக எழுதியவர்களையும் அது விட்டுவைக்காது. தர்மபுரித் தண்ணீரைப் பற்றி எழுதும்போது 'ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம்' என்று முழுப் பெயரை நாலு இடத்தில் போட்டுப் பாருங்கள், காப்பி என்று பக்கமே சிவந்துவிடும். அதற்காகத் திட்டத்தின் பெயரையா மாற்ற முடியும்? ஒருவர் மாற்றினார். 'புகைப்பாறை நன்னீர்த் திட்டம்' என்று எழுதி அனுப்பியிருந்தார் (ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் பாறை).

ஜூன் 4

'சொற்களை மாற்றி எழுதுகிறேன்' என்றீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். யாரோ இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள் (நானே இட்டுக்கட்டிய வரி, பயப்பட வேண்டாம்):

'ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிந்து விழுகிறது. பரிசலில் போகும்போது இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்கும்.'

அதை மாற்றி எழுதுகிறவர் செய்வது இது:

'ஒகேனக்கல்லில் பொன்னி நதி கற்களின் இடையே பல்வேறு பிரிவுகளாகப் பிளவுபட்டு வீழ்கிறது. பரிசலில் பயணிக்கையில் இருமருங்கிலும் கல் மதில் உயர்ந்து காணப்படும்.'

கருவி 0% காட்டும். காவிரிக்குப் பெயர் மாறியதைத் தவிர எதுவும் நடக்கவில்லை. முதலில் அருவி, பிறகு பரிசல், பிறகு சுவர். பார்த்தது முதல் ஆள், இரண்டாமவர் அகராதியைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். தமிழும் கெட்டுப்போயிற்று. பரிசலில் போய்வந்த யாராவது 'இருமருங்கிலும் கல் மதில்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அதே இடத்தைப் பற்றி உங்களுக்கென்று எழுத எவ்வளவோ இருக்கிறது. தண்ணீர் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வருகிறது என்பதை மத்திய நீர்வள ஆணையம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறது. செய்தியில் தினமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்வது அந்த அளவைத்தான். எந்த அளவைத் தாண்டினால் பரிசல் நிற்கிறது, நின்ற நாட்களில் பரிசல்காரர் வீட்டில் என்ன பாடு என்று பென்னாகரம் பஸ் ஏறிப் போய்க் கேட்டு எழுதுங்கள். அந்த வரி வேறு எந்தப் பக்கத்திலும் இருக்காது.

ஜூன் 5

அரூரிலிருந்து ஒருவர்: "10% வரைக்கும் அனுமதி உண்டு என்று கல்லூரியில் சொன்னார்களே?"

அது பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் ஆய்வேடுகளுக்காகப் போட்ட விதி. ஒற்றுமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை இன்னொன்று, அதற்கு மேல் போனால் பெரிய நடவடிக்கை. மேற்கோள், துணைநூல் பட்டியல் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் அந்தக் கணக்கே ஆரம்பிக்கும். தண்டனை இல்லை என்பதை 'பத்து சதவீதம் அடித்துக்கொள்ளலாம்' என்று படித்தால் எப்படி? அது போக, உங்களுக்குக் காசு தரும் சைட் பல்கலைக்கழகம் இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் 'முழுக்க என் சொந்த எழுத்து' என்று நீங்கள் உறுதி கொடுத்திருப்பீர்கள். ஒருமுறை திறந்து படியுங்கள். படிக்காமலே டிக் அடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கொஞ்சம் நேரம் கிடைத்தது, நான் சொல்ல நினைத்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக எழுதுகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தருவது என் வேலை. காப்பியை நான் கருவி வைத்துப் பிடிப்பதில்லை, வரிசையை வைத்துத்தான் பிடிக்கிறேன். மாம்பழக் கட்டுரை என்றால் முதலில் 'பழங்களின் ராஜா', அப்புறம் வைட்டமின், அப்புறம் செரிமானம், கண் பார்வை, தோல் பளபளப்பு, கடைசியில் 'சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்கவும்'. பத்துப் பேர் எழுதினாலும் இதே வரிசைதான். சொற்கள் பத்து விதம், எலும்புக்கூடு ஒன்று. தமிழ் கன்டென்டில் நடக்கிற திருட்டில் பெரும்பங்கு இந்த எலும்புக்கூட்டுத் திருட்டு. செய்கிறவருக்கே அது திருட்டு என்று தோன்றாது, ஏனென்றால் ஒவ்வொரு வரியையும் அவர் உட்கார்ந்து கஷ்டப்பட்டுத் தட்டியிருப்பார்.

வரிசையோடு தவறும் சேர்ந்து வரும். 'வாயு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம்' என்ற வாக்கியம் எத்தனை பக்கத்தில் இருக்கிறதோ! தடை இருப்பது கார்பைடு கல்லுக்கும் அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவுக்கும். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அனுமதிக்கிறது. யாரோ ஒருவர் இரண்டையும் குழப்பி எழுதினார், பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே வரிசையாகச் சுமக்கிறார்கள்.

போன வருடம் ஒரு பெண் இதே தலைப்பில் அனுப்பியிருந்தாள், அதே எலும்புக்கூடு. "ஏம்மா, உன் வீடு கிருஷ்ணகிரியில், சீசனில் மண்டி வாசலைத் தாண்டாமல் நீ பஸ் ஸ்டாண்டு போக முடியாது, உள்ளே ஒருதரம் போய்ப் பாரேன்" என்றேன். முனகிக்கொண்டே போனாள். திரும்ப வந்த கட்டுரையில் 'பழங்களின் ராஜா' காணோம். பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய வண்டிகள் மாங்கூழ் ஆலைக்குக் காத்துக் கிடப்பதில் ஆரம்பித்திருந்தாள். காம்பு ஒட்டி உடைந்தால் பால் வழிந்து, வழிந்த தடத்தில் தோல் கருகிவிடும், அதனால் கொஞ்சம் காம்போடு பறித்து வந்தால்தான் விலை என்று தரம் பிரிக்கிற அம்மா காட்டியிருக்கிறார். அந்தக் கருகிய கோட்டை அவள் படம் எடுத்துப் போட்டிருந்தாள். வைட்டமின் பற்றி ஒரே ஒரு பத்தி, அதுவும் எந்த அட்டவணையில் எடுத்தது என்ற குறிப்போடு. நான் கமாவைத் தவிர எதையும் திருத்தவில்லை.

அதனால் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இணையத்தில் இல்லாத ஒரு ஆளிடம் பேசாமல் எந்தக் கட்டுரையையும் ஆரம்பிக்காதீர்கள். மண்டியோ, மாமாவோ, ரேஷன் கடைக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. அவர் சொன்ன விஷயம் உள்ளே வந்ததும் பழைய வரிசை தானாகக் குலைந்துவிடும், அதற்கு இடம் கொடுக்க நீங்கள் எல்லாவற்றையும் நகர்த்தியாக வேண்டும்.

இன்னொன்று, படித்த பக்கங்களை மூடிவிட்டு எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கண் அங்கேயே போகும்.

ஜூன் 9

நேற்றுச் சொன்ன கடைசி விஷயத்தை யோசித்தேன். மூடிவிட்டு எழுதுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எண்ணும் ஆண்டும் நினைவிலிருந்து வரும், நினைவு கைவிட்டுவிடும். வாக்கியத்துக்கு மூடுங்கள், எண்ணுக்குத் திறங்கள். குறிப்பு எடுக்கும்போதே வாக்கியமாக எடுக்காமல் துண்டு துண்டாக எடுங்கள், பக்கத்தில் எங்கே கிடைத்தது என்று எழுதிவையுங்கள். பிறர் வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதினால் மேற்கோள் குறியை அப்போதே போட்டுவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது அந்த வாக்கியம் நம்முடையதைப் போலவே தெரியும். நன்றாக இருந்தால் நிச்சயம் நம்முடையது என்றே நம்பிவிடுவோம்.

ஜூன் 14

ஓசூர் வாசகர் ஒருவருக்கு என் மேல் கோபம். "எல்லாரும் மண்டிக்குப் போக முடியுமா? வரலாற்றுக் கட்டுரைக்கு யாரிடம் போய்ப் பேசுவது, அதியமானிடமா?"

நல்ல கேள்வி. வரலாற்றில் ஆளைத் தேட வேண்டாம், தேதியைத் தேடுங்கள். ஒரு கட்டுரை 'தர்மபுரி மாவட்டம் ஓசூர்' என்று சொன்னால் அதன் மூலம் 2004-க்கு முந்தையது, ஏனென்றால் அந்த வருடம் பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியைச் 'சேலம் மாவட்டம்' என்று எழுதியிருந்தால் இன்னும் பழசு, 1965-க்கு முந்தைய புத்தகத்திலிருந்து வந்திருக்கும். இன்றைய தேதியில் எழுதுகிற பையன் சேலம் என்று போட்டால் எங்கிருந்து எடுத்தான் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை இன்னும் வேடிக்கை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். 'இந்தியாவின் மிகப் பழமையான இரும்பு நம்ம ஊரில்' என்று எல்லாரும் எழுதினோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. 2025 ஜனவரியில் வந்த தொல்லியல் துறை அறிக்கை தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய காலக்கணிப்பை, 3345 என்று, தந்துவிட்டது. இந்த மாதம் வந்த ஒரு கட்டுரையில் மயிலாடும்பாறைதான் இன்னும் முதலிடம். எழுதியவர் 2022-ஐ எங்கிருந்தோ தூக்கி வந்து 2025-இல் இறக்கிவைத்திருக்கிறார். அறிக்கையைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால், 'முதலிடம் போனது, ஆனால் இது ஏன் இன்னும் முக்கியம்' என்று புதிய கட்டுரையே கிடைத்திருக்கும்.

ஜூன் 15

அதியமானிடம் பேச முடியாதுதான். ஆனால் அவரிடம் பேசிய ஔவையின் பாட்டு இருக்கிறது, புறநானூறு 91. நெல்லிக்கனி கதையை இணையத்தில் எடுத்தால் வசனம் எல்லாம் சேர்ந்து வரும். பாட்டைப் படித்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான், சாதல் நீங்க எமக்கு ஈந்தாய் என்ற வாழ்த்து. மீதி பின்னால் வந்தவர்கள் ஏற்றிய சுமை. பாட்டுக்கு உரிமை கேட்டு யாரும் வரமாட்டார்கள். போன வருடம் யாரோ எழுதிய விளக்கவுரைக்கு உரிமை உண்டு, அதை உரித்து எடுத்துவிட்டு 'சங்கப் பாடல்தானே' என்று சொல்லக் கூடாது.

ஜூன் 21

என் கட்டுரையையும் ஒரு சைட் தூக்கியது, அந்தக் கதையைக் கேட்டிருந்தீர்கள்.

ராகிக் களி பற்றி எழுதியிருந்தேன். 'என் மாமியார் களி கிண்டும்போது பக்கத்தில் யாரையும் பேச விடமாட்டார், கட்டி விழுந்தால் பேசியவர் தலையில் பழி' என்று ஒரு வரி. அடுத்த மாதமே வேறொரு பக்கத்தில் முழுக் கட்டுரையும் வந்தது, எழுதியவர் பெயர் 'ஆசிரியர் குழு'. மாமியார் வரி அப்படியே இருந்தது. ஒரு குழுவுக்கே ஒரு மாமியார்! வீட்டில் படித்துக் காட்டினேன், அவருக்குப் பெருமை தாங்கவில்லை, அதனால் எனக்குத்தான் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. என் பக்கத்தின் தேதியும் அவர்கள் பக்கத்தின் தேதியும் தெரிகிற மாதிரி படம் பிடித்து மெயில் போட்டேன். பக்கம் காணாமல் போனது, பதில் வரவில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. ராகியில் 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் கால்சியம் என்றுதான் எங்கும் எழுதியிருக்கும். அது பழைய அட்டவணை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 364. இருபது மில்லிகிராமில் யாருக்கும் எலும்பு உடையாது. ஆனால் 344 என்று போட்டு '2017 அறிக்கைப்படி' என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அந்த அறிக்கையைத் திறக்கவில்லை என்பதற்கு அவர்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். படிக்காத மூலத்தைப் படித்த மாதிரி காட்டுவதும் காப்பிதான். இடையில் எவர் எழுதியதைப் படித்தீர்களோ அவரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூலத்துக்கே போங்கள்.

ஜூன் 29

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நான் வக்கீல் இல்லை, வேலைக்குத் தேவையான அளவு படித்திருக்கிறேன்.

தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. அமெரிக்காவில் 1991-இல் ஒரு வழக்கு. கான்சாஸில் ஒரு சின்னத் தொலைபேசி நிறுவனம் தன் டைரக்டரியில் காப்பி அடிப்பவரைப் பிடிக்க நாலு பொய்ப் பெயர்களைச் சொருகி வைத்திருந்தது. இன்னொரு நிறுவனம் பொய்ப் பெயர்களோடு சேர்த்து அள்ளிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டும் உச்ச நீதிமன்றம் 'பெயரும் எண்ணும் வெறும் தகவல், அகர வரிசையில் படைப்பு எதுவும் இல்லை' என்று காப்பி அடித்தவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. சட்டப்படி ஜெயித்தார்கள், மானம் போனது போனதுதான். எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும், உரிமை மீறலும் திருட்டு எழுத்தும் ஒன்றில்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் ஊரில் 1978-இல் ஒரு நாடக ஆசிரியர் ஒரு திரைப்படத்தின் மேல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சோதனை சொன்னது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, இது அதன் நகல்தான் என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா? கருத்து ஒன்றாக இருந்து சொன்ன விதம் வேறாக இருந்தால் மீறல் இல்லை. அந்த வழக்கில் நாடக ஆசிரியர் தோற்றார். நான் ஜூன் 8 அன்று வரிசை வரிசை என்று புலம்பியதற்கும் இது பொருந்தும். படித்தவருக்கு என்ன தோன்றுகிறது என்பதுதான் அங்கே அளவுகோல்.

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குவதற்கு முன் 1957 பதிப்புரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவைப் பாருங்கள். மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது. 'நான்தானே தமிழில் எழுதினேன்' என்பது எடுபடாது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை அந்த உரிமை நிற்கும். விக்கிபீடியா வேறு கணக்கு, அதை எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், ஆனால் அங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். 'முழுக்க என் சொந்த எழுத்து' என்று சைட்டுக்கு உறுதி கொடுத்துவிட்டு இதைச் செய்தால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜூலை 6

செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொன்னால்? வருமென்று காத்திருந்த கேள்வி, பாலக்கோட்டுத் தம்பியே கேட்டுவிட்டார்.

கருவி 0% காட்டும், அதில் சந்தேகமில்லை. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளையும் நான் நம்புவதில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன்னுடைய கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. என் சிக்கல் வேறு. ஒரு வரியைக் காட்டி 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. தீர்த்தமலை பற்றி அப்படி வந்த ஒரு கட்டுரையில் இல்லாத ஒரு திருவிழா நடந்தது, தேர் ஓடியது, பக்தர்கள் திரண்டார்கள். அரூர்க்காரர் ஒருவர் படித்திருந்தால் தேரோடு எங்களையும் இழுத்திருப்பார். எழுத்துப்பிழை பார்க்க, தலைப்பு யோசிக்க வைத்துக்கொள்ளுங்கள், சைட் அதற்கு என்ன விதி வைத்திருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூகுளில் கிடைத்த படத்தைப் போடலாமா என்ற கேள்விக்கு: கூடாது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் கிடங்கில் உரிமம் பார்த்து எடுங்கள், படம் எடுத்தவர் பெயரைப் போடுங்கள். கையில் போன் இருக்கிறது, வாசலில் மாமரம் இருக்கிறது, அது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

ஜூலை 13

ஓசூர் வாசகர் சமாதானம் ஆகிவிட்டார் போல, இந்த முறை வேறு சந்தேகம். ரோஜாத் தோட்டங்கள் பற்றி எழுதிய கட்டுரையை இரண்டு சைட்டுகளுக்கு விற்கலாமா, நான் எழுதியதை நானே எடுப்பதும் திருட்டா என்கிறார்.

முதல் சைட்டோடு என்ன எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது. சம்பள வேலையில் இல்லாமல் தனியாக எழுதித் தருகிறவருக்கு எழுத்தின் உரிமை முதலில் அவரிடமே இருக்கும், கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க. அந்த ஐந்து ஆண்டுக்குள் அதையே இன்னொருவருக்குப் 'புதுசு' என்று விற்றால் உங்கள் ரோஜாவை நீங்களே திருடிய கணக்குதான். ஒப்பந்தமே இல்லை என்றால் இரண்டாவது சைட்டிடம் ஏற்கெனவே வந்தது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அதே தோட்டக்காரரிடம் மறுபடி பேசி, பூ விலையை விட்டுவிட்டு தண்ணீரைப் பற்றிக் கேட்டால் இரண்டாவது கட்டுரை தனியாகவே நிற்கும். இரண்டாவது சைட் சொல்லுக்கு எவ்வளவு தருகிறது என்பதை மட்டும் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், எங்கள் வீட்டு வாசலிலும் நாலு ரோஜாச் செடி இருக்கிறது.